முதல் கிட்டார் வாங்கப் போகிறேன், 10,000 ரூபாய்க்குள் எதைப் பார்க்கலாம்?

கம்பெனி பெயரைப் பார்ப்பதற்கு முன், கிட்டார் கழுத்திலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ‘ஆக்‌ஷன்’ என்று கடையில் சொல்வார்கள்.

என் முதல் கிட்டார் இணையத்தில் 3,000 ரூபாய்க்கு வாங்கிய நீல நிறக் கிட்டார். மூன்று மாதம் விரல் நுனி எரிய எரிய வாசித்தேன். ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டிய எஃப் கார்டு (கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வரவே இல்லை. எனக்கு இது வராது என்று அலமாரி மேலே ஏற்றிவிட்டேன். அப்புறம் கம்பி மாற்றக் கொண்டுபோனபோது ரிப்பேர் செய்பவர் 12-ஆவது ஃபிரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதில், ஸ்கேலை வைத்துக் கம்பியின் உயரத்தைக் காட்டினார்: 4 மில்லிமீட்டர்! ஸ்டீல் கம்பி கிட்டாரில் தடித்த கம்பிக்கு இரண்டரை இருந்தால் சுகம், மூன்றைத் தாண்டினால் கஷ்டம். உடல் பகுதியில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் துண்டை, அதாவது சேடிலை, உருவி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் 2 மில்லிமீட்டர் தேய்த்தார். 12-ஆவது ஃபிரெட் இருக்கும் கம்பியின் நடுவில் அதில் பாதிதான் இறங்கும் என்பதால் 3-க்கு வந்தது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் துண்டான நட்டின் பள்ளங்களையும் லேசாக அராவினார். அந்த வாரமே எஃப் கார்டு ஒலித்தது. மூன்று மாதமும் குறை என் விரலில் இல்லை!

அதனால் முடிந்தவரை நேரில் போய் வாங்குங்கள். ஸ்கேலைக் கையோடு கொண்டுபோங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் கம்பியை அமுக்கித் தட்டிப் பாருங்கள், எங்காவது ‘ஜிர்ர்’ என்று அதிர்ந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.

சினிமாப் பாட்டுக்கு கார்டு வாசித்துப் பாடத்தான் ஆசை என்றால் ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் போதும். யமஹா எஃப்280 உங்கள் பட்ஜெட்டை ஒட்டியே வரும், நம்பி வாங்கலாம். 12 நம்பர் கம்பி போட்டிருந்தால் அதைவிட மெல்லிய 10 நம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள், விரலுக்கு இதமாக இருக்கும். நைலான் கம்பி இன்னும் மென்மை, ஆனால் கழுத்து அகலம்: நட்டில் சுமார் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கம்பி கிட்டாரில் சுமார் 43 தான். சின்னக் கைக்கு எட்டுவது கஷ்டம். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மட்டும் மாட்டிவிடாதீர்கள், அந்த இழுவிசைக்கு பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடலாம். எலக்ட்ரிக் என்றால் ஆம்ப்ளிஃபயர் செலவும் சேரும், இந்தத் தொகைக்குள் அடக்குவது கஷ்டம்.

பத்தாயிரத்தையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாமல் ஓர் ஆயிரத்தை செட்டப்புக்கு, அதாவது இப்படிக் கம்பி உயரத்தைச் சரிசெய்வதற்கு, ஒதுக்குங்கள்.