இருபது வயதில் போர்க்கப்பல் பொறுப்பு: அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிக் கேள்வி பதில்

பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் (தெற்கு) ஒன்றியத்தில் நின்ற வட மாநிலங்களுக்கும் (வடக்கு) நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) என்றாலே கெட்டிஸ்பர்க், லிங்கன், தரைப்படை என்றுதான் பேச்சு போகும். கடலில் இருந்த இளம் அதிகாரிகள் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர்களுடைய கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் பல காலமாகப் படித்து வருபவன் என்பதால், யாராவது இவர்களைப் பற்றிக் கேட்டாலே எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: இளநிலை அதிகாரி என்றால் அப்போது யார்? எந்த வயதில் சேர்ந்தார்கள்?

பதினான்கு, பதினைந்து வயதிலேயே மேரிலாந்தில் உள்ள அன்னபோலிஸ் கடற்படை அகாடமியில் மிட்ஷிப்மேனாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, சேர்ந்தவர்கள் உண்டு. போர் வெடித்ததும் மேரிலாந்து பாதுகாப்பான இடமில்லை என்று 1861-இல் அகாடமியையே ரோட் ஐலண்டில் உள்ள நியூபோர்ட்டுக்கு மாற்றினார்கள். மேல் வகுப்புப் பையன்களைப் படிப்பு முடிவதற்கு முன்பே கப்பலுக்கு அனுப்பினார்கள். என்சைன் என்ற தொடக்க அதிகாரிப் பதவி 1862 ஜூலையில்தான் வந்தது. அதற்கு மேலே மாஸ்டர், அப்புறம் லெப்டினன்ட்.

இவர்களைத் தவிர, வணிகக் கப்பல்களில் இருந்து ஆயிரக்கணக்கானோர் தற்காலிக அதிகாரிகளாக வந்தார்கள். அவர்களுக்குக் கடல் அத்துப்படி, பீரங்கிதான் புதிது. அகாடமிப் பையன்களுக்கோ பீரங்கி தெரியும், கடல் அனுபவம் குறைவு. ஒரே கப்பலில் இந்த இரண்டு வகையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது.

கேள்வி: தெற்கைச் சேர்ந்த அதிகாரிகள் எல்லோரும் விலகிவிட்டார்களா?

இல்லை. நிறையப் பேர் விலகினார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. தென் மாநிலமான டென்னசியில் பிறந்த கடற்படை அதிகாரி ஃபாரகட் வடக்கிலேயே இருந்தார். 1862-இல் அமெரிக்கக் கடற்படையின் முதல் ரியர் அட்மிரல் ஆனவரும் அவரே.

குடும்பங்கள் எப்படி உடைந்தன என்பதற்கு 1861 நவம்பர் 7-இல் நடந்த போர்ட் ராயல் சண்டையைப் பாருங்கள். கரையில் இருந்த தெற்குப் படைக்குத் தலைவர் தாமஸ் டிரேட்டன். அந்தக் கரையைச் சுட்ட வடக்குக் கப்பல்களில் ஒன்றான ‘போகஹோண்டஸ்’ஸின் தலைவர் அவருடைய சொந்தத் தம்பி பெர்சிவல் டிரேட்டன். அதே கப்பலில் இளம் லெப்டினன்டாக இருந்தவர் ஆல்ஃபிரட் மஹான். பிற்காலத்தில் கடல் வல்லமை பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றாரே, அவர்தான். தன் தலைவர் சொந்த அண்ணனை நோக்கிச் சுட உத்தரவிடுவதைப் பார்க்கும்போது அந்த லெப்டினன்டுக்கு வயது இருபத்தொன்று.

இந்த விலகல்களால் மேல் பதவிகள் காலியாயின. கப்பல்களின் எண்ணிக்கையோ நாற்பத்துச் சொச்சத்தில் இருந்து அறுநூறுக்கு மேல் போனது. சின்ன வயதில் பெரிய பொறுப்பு வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்? தினமும் சண்டையா?

சண்டையே இல்லாமல் மாதங்கள் போகும். 1861 ஏப்ரல் 19-இல் லிங்கன் தெற்குத் துறைமுகங்களை முற்றுகையிட உத்தரவிட்டார். ஏறத்தாழ 3,500 மைல் கடற்கரை. பெரும்பாலான இளம் அதிகாரிகளின் போர் என்பது ஏதோ ஒரு துறைமுக வாயிலுக்கு எதிரே நங்கூரம் போட்டுக் காத்திருப்பதுதான்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். முறை வந்தவர் தளத்துக்குப் போய்க் கப்பலைப் பொறுப்பேற்றுக்கொள்வார். காற்று, நீராவி அழுத்தம், கண்ணில் பட்ட கப்பல் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பகலில் பீரங்கிப் பயிற்சி, நிலக்கரி ஏற்றுவது, மாலுமிகளின் சச்சரவைத் தீர்ப்பது. கரைக்குப் போக அனுமதி அபூர்வம். கடிதமும் செய்தித்தாளும் சரக்குக் கப்பல் வந்தால்தான். வெயில் காலத்தில் கீழ்த்தளத்தில் தூங்கவே முடியாது.

இரவுதான் உண்மையான வேலை. முற்றுகையை மீறி வரும் கப்பல்கள் தாழ்வாக, சாம்பல் நிறத்தில், விளக்கு இல்லாமல் நிலவற்ற இரவில் வரும். புகை தெரியாதிருக்க ஆந்த்ரசைட் நிலக்கரி எரிப்பார்கள். காவலில் நிற்கும் இருபது வயதுப் பையன் அந்த இருட்டில் ஒரு நிழலைப் பார்க்கிறான். எதிரியா, பக்கத்தில் நிற்கும் நம் கப்பலேதானா? சுடச் சொன்னால் நம்மவர் சாகலாம். யோசித்து நின்றால் அது தப்பிவிடும். எனக்கு இவர்கள் மேல் மரியாதை வந்தது பெரிய சண்டைகளைப் படித்து அல்ல, இந்த இரவுகளைப் படித்துத்தான்.

கேள்வி: சம்பளம், சாப்பாடு, குடி?

கடலில் இருக்கும் என்சைனுக்கு வருடம் 1,200 டாலர், லெப்டினன்டுக்கு 1,875. அதிகாரிகள் தங்கள் உணவுக் குழுவுக்குத் தாங்களே பணம் போட வேண்டும். மாலுமிகளுக்குத் தினமும் கொடுத்த விஸ்கி 1862 செப்டம்பர் 1-ஆம் தேதியோடு நின்றது. பதிலுக்கு நாளொன்றுக்கு 5 சென்ட். இதற்குக் கிளம்பிய முணுமுணுப்பை நேரில் சமாளித்தவர்களும் இளம் அதிகாரிகள்தான்.

கேள்வி: கைப்பற்றிய எதிரிக் கப்பலின் பணத்தைப் பங்கு போட்டார்களாமே?

உண்மை. நீதிமன்றம் கப்பலையும் சரக்கையும் விற்கச் சொல்லும். பாதி அரசுக்கு, பாதி பிடித்தவர்களுக்கு. அதில் படைப்பிரிவுத் தலைவருக்கு இருபதில் ஒரு பங்கு, கப்பல் தலைவருக்குப் பத்தில் ஒன்று, மீதி மற்றவர்களுக்குச் சம்பள விகிதப்படி. சைகை தெரியும் தூரத்தில் நின்ற கப்பலுக்கும் பங்கு உண்டு. ஒன்றுமே சிக்காமல் போரை முடித்தவர்களும் ஏராளம்.

கேள்வி: ஐயா, ‘மானிட்டர்’ இரும்புக் கப்பலின் சண்டையில் இளம் அதிகாரிகளின் பங்கு என்ன?

1862 மார்ச் 9. வடக்கின் மானிட்டரும் தெற்கின் இரும்புக் கப்பல் ‘வர்ஜீனியா’வும் மோதின. மானிட்டரில் தலைவர் வோர்டனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் சாமுவேல் டேனா கிரீன், வயது 22. சுழலும் கோபுரத்துக்குள் இரண்டு 11 அங்குலப் பீரங்கிகள், அவற்றுக்கு அவர் பொறுப்பு. முன்னால் தலைவர் நிற்கும் சிறிய அறைக்கும் கோபுரத்துக்கும் இடையே பேசும் குழாய் சண்டை தொடங்கியதும் பழுதாகிவிட்டது. சேதியைக் கணக்கு அதிகாரியும் தலைவரின் எழுத்தரும் ஓடி ஓடிச் சொன்னார்கள். இருவரும் கடலோடிகள் இல்லை, கப்பல் சொற்கள் பாதி வழியில் மாறிப்போயின. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியக் கோபுரத்துக்கு அடியில் தளத்தில் போட்டிருந்த வெள்ளை அடையாளங்களும் அழிந்துவிட்டன. எதிரி வலப்பக்கம் என்று சேதி வந்தால், கோபுரம் சுற்றிய சுற்றில் வலப்பக்கம் எது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது! கோபுரத்தைச் சுழற்றத் தொடங்குவதும் கஷ்டம், நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். சுழலும்போதே சுட்டார்கள்.

ஒரு குண்டு பட்டு வோர்டனின் கண்கள் பாதிக்கப்பட்டதும் கப்பலே கிரீன் கைக்கு வந்தது. எதிரிக் கப்பலை ஏன் துரத்தவில்லை என்று பின்னாளில் பலர் அவரைக் குறை சொன்னார்கள். மானிட்டரின் வேலை வடக்கின் ‘மினசோட்டா’ கப்பலைக் காப்பது, அது காக்கப்பட்டது. அந்தக் குறை நியாயமே இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: காயம்பட்டால் என்ன ஆகும்?

கையோ காலோ போவதும் உண்டு. வடக்குக் கடற்படையின் ராப்லி எவன்ஸ் தென் மாநிலமான வர்ஜீனியாவில் பிறந்தவர், தம்பி தெற்குப் படையில். 1865 ஜனவரி 15-இல் தெற்கின் ஃபிஷர் கோட்டை மீதான தாக்குதலில் மணலில் ஓடியபோது பதினெட்டு வயது எவன்ஸுக்குப் பலமுறை குண்டு பட்டது. மருத்துவமனையில் கால்களை எடுக்க மருத்துவர் வந்தபோது, தலையணைக்கு அடியில் இருந்த துப்பாக்கியைக் காட்டித் தடுத்துவிட்டார். கால்கள் மிஞ்சின, நொண்டல் கடைசி வரை இருந்தது. அந்தக் காலோடு அட்மிரல் ஆகி, 1907-இல் அமெரிக்கா உலகம் சுற்ற அனுப்பிய பெரும் கப்பற்படையைத் தலைமையேற்றுக் கிளப்பினார்.

கேள்வி: தெற்கின் இளம் அதிகாரிகள்?

ஜேம்ஸ் ஆற்றில் நின்ற ‘பேட்ரிக் ஹென்றி’ என்ற கப்பல்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். பாடம் நடக்கும்போதே பக்கத்துக் காவல் அரண்களுக்குப் போகச் சொல்லி அழைப்பு வரும். சம்பளம் மதிப்பிழந்த காகிதப் பணம். 1865 ஏப்ரலில் தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் வீழ்ந்தபோது, கருவூலத்தின் தங்கத்தையும் வெள்ளியையும் ரயிலில் காவல் காத்துத் தெற்கே கொண்டுபோனவர்கள் இந்த மாணவர்களே.

கேள்வி: கறுப்பினத்தவர் யாராவது அதிகாரியாக இருந்தார்களா?

வடக்குக் கடற்படையில் ஏறத்தாழ 18,000 கறுப்பின மாலுமிகள் இருந்தார்கள். ஒருவருக்குக்கூடக் கடற்படை அதிகாரிப் பதவி கொடுக்கவில்லை. அடிமையாக இருந்த ராபர்ட் ஸ்மால்ஸ் 1862 மே 13 விடியற்காலையில் ‘பிளாண்டர்’ கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்து, தெற்கின் கோட்டைகளைத் தாண்டி, குடும்பத்தோடு ஓட்டிவந்து வடக்கிடம் ஒப்படைத்தார். அந்த நீர்வழிகள் அவருக்குத் தெரிந்த அளவு எந்த என்சைனுக்கும் தெரியாது. அவருக்கும் அந்தப் பதவி கிடைக்கவில்லை.