நச்சுக் கழிவிடங்களைச் சுத்தப்படுத்த வாக்கெடுப்பு: ‘ஆம்’ என்று குறிக்கும் முன் எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் மாநிலத்தில், ஆபத்தான கழிவுகள் புதைந்து கிடக்கும் பழைய தொழிற்சாலை மனைகளைச் சுத்தப்படுத்த அரசு கடன் பத்திரம் வெளியிடலாமா என்று வரும் தேர்தலில் வாக்காளர்களிடம் கேட்கப் போகிறார்கள். வாக்குச்சீட்டில் இருப்பது நான்கு வரிக் கேள்வி மட்டுமே. ‘ஆம்’ என்று போட்டால் என் வரி கூடுமா? எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருக்கும் இடம் உண்மையிலேயே சுத்தமாகுமா?

பதில்: அந்த நான்கு வரியை மட்டும் படித்து முடிவு செய்யாதீர்கள். வாக்கெடுப்பு நிறைவேறினால் நடைமுறைக்கு வரப்போவது அதன் பின்னால் இருக்கும் சட்ட வரைவுதான். அதன் முழு வாசகமும் தேர்தல் துறையிடம் கிடைக்கும். அதைக் கையில் எடுத்ததும், எங்கெல்லாம் ‘செய்ய வேண்டும்’ என்றும் எங்கெல்லாம் ‘செய்யலாம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள் என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். இந்தத் தொழிலில் இருபது பக்க விளக்க அறிக்கையைவிட இந்த ஒரு வேலை எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

முதலில் பணம். மாநில அரசின் கடன் பத்திரம் பொதுவாக மாநிலத்தின் பொது வருவாயிலிருந்து அடைக்கப்படுவதால், உங்கள் வரி ரசீதில் அது தனி வரியாகத் தெரியாமல் போகலாம். ஆனால் யாரோ கட்டத்தான் வேண்டும். 100 கோடி டாலரை 4 சதவீத வட்டியில் 30 ஆண்டு சம தவணைகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 5.8 கோடி வீதம், மொத்தம் ஏறக்குறைய 173 கோடி ஆகிவிடும். நியூயார்க் மாநில வாக்காளர்கள் 1986-இல் இந்த வழியைத்தான் தேர்ந்தார்கள். அன்று ஒப்புதல் பெற்ற 145 கோடி டாலர் பத்திரங்களில் 120 கோடி நச்சுக் கழிவிடங்களுக்கென ஒதுக்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தார் 1988-இல் வேறு வழியில் போனார்கள். சட்டமன்றம் முன்வைத்த மாற்றுத் திட்டத்தை ஒதுக்கிவிட்டு, குடிமக்கள் கொண்டுவந்த 97-ஆம் எண் முன்மொழிவை அவர்கள் ஏற்றதால், ஆபத்தான பொருள்களின் மொத்த விற்பனை மதிப்பில் 0.7 சதவீதம் வரியாக விதிக்கப்பட்டு, அந்த வருவாய் சுத்திகரிப்புக்குப் போயிற்று. இரண்டாவது வழியே நியாயமானது என்பது என் கருத்து. அப்படிப்பட்ட வரியும் நிரந்தரமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்: 1980-இன் கூட்டாட்சிச் சட்டம் ரசாயன, பெட்ரோலிய நிறுவனங்கள்மீது விதித்த வரி 1995 இறுதியில் காலாவதியானபோது யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை, ரசாயனங்கள் மீதான வரி மீண்டும் வர 2021-இன் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கடன் பத்திரம் என்பதாலேயே மாசுபடுத்தியவர் தப்பிவிட வேண்டும் என்பதில்லை. அரசு முதலில் செலவழித்துவிட்டு, பொறுப்பான நிறுவனத்திடம் பின்னர் வசூலிக்கும் பிரிவு வரைவில் இருக்கிறதா, வசூலான தொகை மறுபடி இதே நிதிக்குத் திரும்புகிறதா என்று தேடுங்கள். நியூ ஜெர்சியில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பழைய சுத்திகரிப்பு ஆலைகள் தொடர்பான வழக்கு 2015-இல் 22.5 கோடி டாலருக்குச் சமரசமானபோது, அதில் பெரும்பகுதி மாநிலப் பொதுக் கணக்கில் கரைந்தது. அந்தக் கசப்பில்தான் 2017-இல் மக்கள் வாக்களித்து, இத்தகைய இழப்பீட்டுத் தொகையைச் சுற்றுச்சூழல் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று அரசியலமைப்பையே திருத்தினார்கள். உங்கள் வரைவில் அப்படியொரு பூட்டு இல்லையென்றால், பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

அடுத்தது, சுத்தம் என்றால் எவ்வளவு சுத்தம் என்பது. மண்ணைத் தோண்டி அகற்றுவதும் சுத்திகரிப்புதான். களிமண்ணும் நெகிழித் தகடும் போட்டு மூடி, மேலே புல் வளர்த்து, இங்கே கிணறு தோண்டக் கூடாது என்று நிலத்தின் உரிமைப் பத்திரத்தில் எழுதிவைப்பதும் சட்டத்தின் கண்ணில் சுத்திகரிப்புதான். மூடிவைப்பதைக் குறைவாகப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல இடங்களுக்கு அதுவே அறிவுள்ள தீர்வு. சுவிட்சர்லாந்தின் கோலிக்கன் கிடங்கில் 1978 முதல் 1985 வரை ஏழே ஆண்டுகள் கொட்டிய கழிவைத் தோண்டி எடுக்க, குழியின்மேல் மூடிய கூடம் எழுப்பி, 2007-இல் தொடங்கி ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. ஆனால் மூடிவைத்த இடத்தை அதற்குப் பிறகும் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடன் பத்திரப் பணம் பெரும்பாலும் கட்டுமானத்துக்கு ஆகுமே தவிர, அதற்குப் பின் மாசுபட்ட நிலத்தடி நீரை இறைக்க ஆண்டுக்கணக்கில் ஓடும் பம்புக்கும் பரிசோதனைக்கும் ஆகாது. பராமரிப்புக்கு எந்த நிதி என்று வரைவில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அந்த இடம் சுத்தமாகுமா என்பதற்கு வாக்குச்சீட்டில் விடை இருக்காது, ஏனெனில் இடங்களைத் தேர்வது முன்னுரிமைப் பட்டியல்தான். மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் அந்த இடத்தின் கோப்பைக் கேளுங்கள். அதில் கண்காணிப்புக் கிணறுகளின் ஆய்வு அட்டவணை இருக்கும். ஒரே கிணற்றைப் பிடித்துக்கொண்டு ஆண்டுவாரியாகப் படியுங்கள். உதாரணமாக, உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படுத்திய டிரைகுளோரோஎத்திலீன், குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பம்பு ஓடும்போது இறங்கிவந்த எண், பம்பை நிறுத்திய சில மாதங்களில் மறுபடி ஏறியிருந்தால், தண்ணீரைவிடக் கனமான அந்தத் திரவம் களிமண் அடுக்குகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அத்தகைய இடத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் என்று யார் வாக்குறுதி தந்தாலும் நம்பாதீர்கள்.

கெடு விதிக்கும் பிரிவுகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். மாசசூசெட்ஸில் 1986-இல் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறிய சட்டம், மாசுபட்ட இடங்களைத் தேடிக் கண்டுபிடித்துக் குறித்த காலத்துக்குள் சுத்தப்படுத்த வேண்டும் என்றது. அரசு ஊழியர்களால் ஈடுகொடுக்க முடியாமல் கோப்புகள் தேங்கியதால், 1992-இல் சட்டத்தைத் திருத்தி, உரிமம் பெற்ற தனியார் வல்லுநர்கள் மேற்பார்வையிடும் முறையை 1993 முதல் கொண்டுவந்தார்கள். ஆகவே கெடுவோடு ஆள்பலத்துக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நானாக இருந்தால், செலவைத் திரும்ப வசூலிக்கும் பிரிவும் நிதிக்குப் பூட்டும் இருக்கும் வரைவுக்கு, வட்டிச் சுமையைப் பொறுத்துக்கொண்டு ‘ஆம்’ என்பேன். பராமரிப்பு நிதி மட்டும் விடுபட்டிருந்தால் அதை அடுத்த கூட்டத்தொடரில் சட்டமன்றத்திடம் கேட்டு வாங்க இடமிருக்கிறது. முதல் இரண்டும் இல்லாத வரைவுக்கு ‘இல்லை’ என்றுதான் குறிப்பேன்.