கீறல் விழுந்த சிடி எப்படிப் பாடுகிறது?

ஆடியோ சிடியில் கீறல் விழுந்தாலும் பல நேரம் பாட்டு ஒழுங்காக ஓடுகிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வெளி ஓரத்தில் தொடங்கி நடு ஓட்டை வரைக்கும் ஒரு கோடு தெரியும், நகத்தால் கிழித்த மாதிரி. இருபது வருஷமாகக் கேட்கிறேன், ஒரு இடத்தில்கூடத் திக்கியதில்லை.

லேசர் தட்டைத் தொடுவதில்லை, அதனால்தான் என்று பலர் சொல்வார்கள். தேயாமல் இருப்பதற்கு அது காரணம், கீறலைத் தாண்டுவதற்கு அல்ல. அதைச் செய்வது கணக்கு. 1960-ல் ரீட், சாலமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய பிழைதிருத்தும் முறை அது. நாசாவின் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸிலிருந்து அனுப்பிய படங்களைக் காப்பாற்றியதும் இதே முறைதான். சிடியில் இசையை வரிசையாக எழுதுவதில்லை. துண்டு துண்டாக்கி, கலைத்து, தள்ளித் தள்ளி வைத்து, கூடவே சரிபார்க்கும் எண்களையும் சேர்த்து எழுதுகிறார்கள். ஒரே இடத்தில் அடி விழுந்தாலும் ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம்தான் போகும், மிச்சத்தை வைத்துப் போனதைக் கணக்கிட்டுவிடலாம். இசை பதிந்திருக்கும், சுருளாகச் சுற்றிப் போகும் தடத்தில் தொடர்ச்சியாக 2.5 மி.மீ. அளவுக்குச் சேதம் ஆனாலும் ஒரு பிட்கூடக் குறையாமல் மீட்டுவிடும். அதற்கும் மேல் போனால் பிளேயர் பக்கத்து மதிப்புகளைப் பார்த்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். எனக்கு சிடியில் பிடித்ததே இதுதான், கீறல் விழும் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

வரலாறு என்று பார்த்தால், 1979 மார்ச்சில் நெதர்லாந்தின் ஐந்தோவனில் சிடி பிளேயரின் முன்மாதிரி ஒன்றை பிலிப்ஸ் ஓட்டிக் காட்டியது, அப்புறம் சோனி சேர்ந்தது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறார்கள் (ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி). இந்த விசித்திர எண் வந்தது, அன்றைக்கு டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்ததால்: வீடியோ படத்துக்கு 245 வரி, வரிக்கு 3 மாதிரி, வினாடிக்கு 60 முறை, பெருக்கிப் பாருங்கள். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுசாக அடங்க வேண்டும் என்றுதான் சிடியின் விட்டத்தை 12 செ.மீ. ஆக்கினார்கள் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிடியை உருவாக்கிய குழுவிலேயே இருந்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் வேறு காரணம் எழுதியிருக்கிறார்: பிலிப்ஸின் துணை நிறுவனமான பாலிகிராம் 11.5 செ.மீ. தட்டுக்கு ஆலை தயார் செய்து வைத்திருந்தது, அளவை மாற்றினால் அந்த முந்துதல் போய்விடும் என்று சோனி கணக்குப் போட்டது. எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. 1982 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மனியின் லாங்கன்ஹாகன் ஆலையில் ஸ்வீடனின் அப்பா (ABBA) என்ற பாட்டுக் குழுவின் ஆல்பம் ஒன்று சிடியாக வந்தது. அக்டோபர் 1-ல் ஜப்பானில் சோனியின் முதல் பிளேயர் 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது.

சரி, என் சிடிக்கு வருவோம். அதிலுள்ள கீறல் தடத்தைக் குறுக்கே வெட்டுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டு சேதம்தான். அதே நீளக் கீறல் தடத்தோடு வளைந்து போயிருந்தால் பாட்டு நின்றிருக்கும். அதனால் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடையுங்கள். பெயர் அச்சிட்ட பக்கத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். பளபளப்பான பக்கத்துக்கு 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, மேலே மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே லேசரைத் திருப்பி அனுப்பும் அலுமினியம், அது பெயர்ந்தால் அந்த இடத்துப் பாட்டும் கூடவே போய்விடும்.