மாஸ்டர் பதில்கள்: அரை மாரத்தான், முழு ஊர்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், ஓட்டம், நடை, விளையாட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

ஐயா, என் மகன் இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் அரை மாரத்தானில் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறானாம். தூரம் 21.0975 கிலோமீட்டர் என்கிறான். 21 என்றோ 22 என்றோ வைத்துத் தொலைத்தால் என்ன?
– ஓய்வுபெற்ற தபால்காரர், நெல்லிக்குப்பம்

தபால் பையோடு சைக்கிள் மிதித்தவருக்குத் தூரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு கணக்கு. புதுச்சேரி பஸ் நிலையத்தில் கடலூர் பஸ் ஏறுங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் தாண்டி, முள்ளோடையில் மாநில எல்லையைக் கடந்து, ரெட்டிச்சாவடியும் போன பிறகு, மஞ்சக்குப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிவிடுங்கள். ஏறக்குறைய அதுதான் அரை மாரத்தான். (முள்ளோடையிலேயே இறங்குகிறவர்களின் நோக்கம் வேறு. அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

தசமப்புள்ளிக்குக் காரணம் 1908 லண்டன் ஒலிம்பிக். மாரத்தானை விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, ஒயிட் சிட்டி அரங்கத்தில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடித்தார்கள். அளந்தால் 26 மைல் 385 கெஜம். 1921-இல் உலகத் தடகள அமைப்பு அதையே நிரந்தரத் தூரம் என்று தீர்மானித்துவிட்டது. 42.195 கிலோமீட்டர். அதில் பாதிதான் உங்கள் மகன் ஓடப் போவது. அந்த 1908 ஓட்டத்தில் இத்தாலிக்காரர் டொராண்டோ பியத்ரி முதலாவதாக அரங்கத்துக்குள் வந்தார். வந்தவர் திசை மாறி ஓடினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அதிகாரிகள் கை கொடுத்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். கை கொடுத்ததே வினையாகி அவர் தகுதி இழக்க, தங்கம் அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்குப் போனது. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா பியத்ரிக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைத் தந்தார். ஹேய்ஸைவிட பியத்ரியின் பெயரைத்தான் உலகம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது.

இங்கே ஒரு மணி நேரம் சாலையை மறித்தாலே வியாபாரம் படுத்துவிடுகிறது. இங்கிலாந்தில் ஓட்டத்துக்காக ஊரையே மூடுகிறார்களாமே? ஊர்க்காரர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?
– துணி வியாபாரி, நேரு வீதி, புதுச்சேரி

நல்ல கேள்வி. ஓட்டத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், சாலையைப் பற்றி நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்.

என் மகளும் ரெடிங்கில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஓட்டத்தைத் தெருவோரம் நின்று பார்த்தேன். லண்டனுக்கு மேற்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ள ஊர். நம் கடலூரில் கெடிலமும் தென்பெண்ணையும் போல அங்கே இரண்டு ஆறுகள். கென்னட் அங்கேதான் தேம்ஸில் கலக்கிறது. ஒரு காலத்தில் பிஸ்கட் ஊர் என்றே பெயர். ஹன்ட்லி அண்டு பால்மர்ஸ் தொழிற்சாலையின் தகர டப்பாக்கள் கப்பலேறி உலகம் முழுக்கப் போயின. பெரிய ஊர், பல்கலைக்கழகம்கூட இருக்கிறது. ஆனாலும் ‘சிட்டி’ என்ற அந்தஸ்து கேட்டுப் பலமுறை விண்ணப்பித்தும் கிடைக்காமல், இன்றும் ‘டவுன்’தான். அப்படிப்பட்ட ஊர் 1983-இலிருந்து இந்த ஓட்டத்தை நடத்தி வருகிறது.

பொறுத்துக்கொள்கிறார்களா என்றால், முணுமுணுக்கிறவர்கள் அங்கேயும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்க முடியாமல் வாசலில் நின்று புலம்பியதை என் காதால் கேட்டேன். ஆனால் எந்தத் தெரு எத்தனை மணிக்கு மூடும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முன்கூட்டியே வீடு வீடாகக் காகிதம் வந்துவிடுகிறது. சொன்ன நேரத்துக்குத் திறக்கவும் செய்கிறார்கள். அதுதான் விஷயம். மூடுவதால் யாருக்கும் அவ்வளவு கோபம் வருவதில்லை. எப்போது திறப்பார்கள் என்று தெரியாதபோதுதான் வருகிறது.

அன்று காலை அந்தப் புலம்பல்காரரே ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுச் சுளையோடு வாசலுக்கு வந்துவிட்டார். அவருடைய பேத்தி, ஜெல்லி மிட்டாய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். ஓடுகிறவர்கள் வேகத்தைக் குறைக்காமலே ஒன்றைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போகிறார்கள். சட்டையில் பெரிய எழுத்தில் பெயர் இருக்கிறது. தெருவில் நிற்கிறவர்கள் முன்பின் தெரியாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துகிறார்கள். முன்னால் பறந்த கூட்டத்துக்குக் கிடைத்ததைவிட, வெகுநேரம் கழித்து, ஏறக்குறைய நடந்தே வந்த ஒரு பருத்த அம்மாவுக்குத்தான் கைத்தட்டல் அதிகம். புற்றுநோய் நிதிக்காக ஓடுவதாக அவர் முதுகில் ஒரு அட்டை. அங்கே பாதிப்பேர் இப்படி ஏதாவது ஓர் அறக்கட்டளைக்குப் பணம் திரட்டித்தான் ஓடுகிறார்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வில்லியனூர் தேருக்குத் துணைநிலை ஆளுநரே வந்து வடம் பிடிக்கிறார், ஊர் முழுக்க வழி விடுகிறது; யாரும் வியாபாரக் கணக்குப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் நடுச்சாலை வரை வருகிறது. கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டி விடுவதில்லை. சாலையை விட்டுக்கொடுக்கும் பழக்கம் புதுச்சேரிக்குப் புதிதில்லை. ஓடுகிறவர்களை ஊர் இன்னும் தன் ஆட்களாகச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஓட்டக்காரர்களும் ஒரு காரணம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டைப் பார்த்தபடி, எதிரே வருகிறவருக்கு ஒரு தலையசைப்புகூட இல்லாமல் போனால் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

வயது 52. தினமும் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். மகள் இங்கிலாந்தில் நியூகாசிலில் இருக்கிறாள். அடுத்த செப்டம்பர் ஓட்டத்துக்கு எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுக்கப் போகிறாளாம். என்னால் முடியுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

முடியும் அம்மா. அது ‘கிரேட் நார்த் ரன்’ என்ற அரை மாரத்தான். 10,000 மீட்டர் ஓட்டத்தில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிய பிரெண்டன் ஃபாஸ்டர் 1981-இல் தொடங்கி வைத்தது. நியூகாசிலில் கிளம்பி, டைன் பாலத்தைத் தாண்டி, சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடியும். பிரிட்டனின் நெடுந்தூர ஓட்டக்காரர் மோ ஃபாரா 2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு முறை வென்ற ஓட்டம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பின்னால் ஆயிரக்கணக்கானோர் நடந்தும் ஓடியும் வருவார்கள்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் வெளியேற்றும். அதைச் சாப்பிடுகிறவர் வெயிலில் ஓடுவது பற்றிக் கேட்டே ஆக வேண்டும். பிறகு, ஐந்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெது ஓட்டம் என்று தொடங்குங்கள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம் என்று பொருள். வாரத்தில் ஒருநாள் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள்.

நம் கடற்கரையில் சூட்டைவிட ஈரப்பதம்தான் எதிரி. வியர்வை வழிகிறது, காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் விடியுமுன் கிளம்பிவிடுங்கள். அங்கே போனால் குளிரில் கால்கள் தாமாகவே ஓடும். இங்கே பழகியவருக்கு அது ஒரு கொடை. தண்ணீர் குடியுங்கள், ஆனால் கண்டபடி குடிக்காதீர்கள். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும். இங்கே பயிற்சி முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் போதும். வழியில் காகிதக் கோப்பை தந்தால், கோப்பையின் வாயை இரண்டு விரலால் கிள்ளி மூக்குப் போலாக்கிக் குடியுங்கள். இல்லாவிட்டால் பாதி சட்டைக்குத்தான்.

புது ஷூவை ஓட்ட நாளன்று போடாதீர்கள். மகள் ஆசையாக வாங்கி வைத்திருப்பாள். வாங்கிக்கொள்ளுங்கள், போடாதீர்கள்.

ஓடி முடித்தால் தரும் பதக்கம் தங்கமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், திருப்பாதிரிப்புலியூர்

இல்லை தம்பி. ஆனால் ஒரு வேடிக்கை கேள். 2025-இல் கிரேட் நார்த் ரன் பதக்கத்திலும் சட்டையிலும் நியூகாசில் வரைபடத்துக்குப் பதிலாக சண்டர்லேண்ட் வரைபடத்தை அச்சடித்துவிட்டார்கள். இரண்டு ஊருக்கும் கால்பந்தில் ஏழாம் பொருத்தம். பதக்கம் வாங்கியவர்கள் சிரித்தார்களா, திட்டினார்களா என்றால் இரண்டும்தான்.

மழை வந்தால் ஓட்டம் ரத்தா?
– வாசகர், பாகூர்

மழைக்கு ரத்து செய்தால் இங்கிலாந்தில் எதுவுமே நடக்காது. 2018 மார்ச்சில் ரெடிங் ஓட்டம் ரத்தானது பனி கொட்டியதால். டிசம்பர் புயலில் தேவனாம்பட்டினம் கடற்கரையைப் பார்த்த நமக்கு அந்தத் தீர்மானத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அண்ணன் அரை மாரத்தான் ஓடிவிட்டு வந்ததிலிருந்து மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறான். மனநிலை சரியில்லையா?
– வாசகி, லாஸ்பேட்டை

மனம் நன்றாக இருக்கிறது, தொடைதான் சரியில்லை. ஒவ்வொரு அடி விழும்போதும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பயிற்சி போதாதவருக்கு அதில் நுண்ணிய காயங்கள் உண்டாகும். ஓடிய அன்று தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். படியில் முன்பக்கமாக இறங்கினால் அதே தசைதான் மறுபடி வேலை செய்ய வேண்டும். அதனால் பின்பக்கமாக இறங்குகிறான்; கெட்டிக்காரன். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கீழ் வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.