2000 வாட்ஸ் எங்கே போகிறது?

அன்புள்ள அண்ணா,

நான்கு பேர் கொண்ட ராக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். 100 வாட்ஸ் வால்வ் ஆம்பையும் பெரிய கேபினெட்டையும் தூக்கித் தூக்கி முதுகு போனதுதான் மிச்சம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலி செய்யும் ஒரு மாடலரும், 2000 வாட்ஸ் என்று அச்சிட்ட 8 இன்ச் பவர்டு ஸ்பீக்கரும் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) வாங்கினேன். அறையில் கேட்க அருமையாக இருக்கிறது. மேடையில் டிரம்மர் அடிக்க ஆரம்பித்ததும் என் கிட்டார் இருக்கும் இடமே தெரிவதில்லை. வால்யூமைக் கூட்டினால் கொரகொரப்பு கூடுகிறதே தவிர சத்தம் கூடுவதில்லை. 100 வாட்ஸில் கேட்டது 2000 வாட்ஸில் ஏன் கேட்கவில்லை? அடுத்து 12 இன்ச் வாங்குவதா, 15 இன்ச்சா? கிட்டாருக்கென்றே விற்பதா, பாடகர்களுக்கு வைக்கும் சாதாரண பிஏ ஸ்பீக்கரா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

பெட்டியின் மேல் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் உச்சக் கணக்கு. உள்ளே இருக்கும் ஆம்ப் ஒரு கணம் எம்பிக் குதித்தால் தொடும் உயரம் அது. தொடர்ந்து தரக்கூடியது அதில் பாதி, பல பெட்டிகளில் அதற்கும் கீழே. அந்த எண் உண்மையாகவே இருந்தாலும் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பலன் இல்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை.

ஒரு ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் வாட்ஸை எவ்வளவு சத்தமாக மாற்றுகிறது என்பதுதான் விஷயம். கிட்டார் கேபினெட்டுகளில் பரவலாக இருக்கும் செலெஸ்டியன் விண்டேஜ் 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12 இன்ச், தாங்குவது 60 வாட்ஸ். ஆனால் ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தரும். அது வேலை செய்வது 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. தன் முழு பலத்தையும் கிட்டார் வாழும் இடத்தில், அதாவது காது கூர்மையாக இருக்கும் இடத்தில் கொட்டிவிடுகிறது. அப்படி இரண்டோ நான்கோ உங்கள் பழைய கேபினெட்டில் இருந்திருக்கும். உங்கள் 8 இன்ச் பெட்டியோ பேஸிலிருந்து ட்ரெபிள் வரை எல்லாவற்றையும் தர வேண்டும். சின்ன கூம்பைக் கொண்டு சின்ன பெட்டிக்குள்ளிருந்து பேஸ் எடுக்க வேண்டுமென்றால் இந்தத் திறனைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும். அங்கே 10 டெசிபல் போனால், 2000-இல் உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும் 1000 வாட்ஸ் பழைய 100 வாட்ஸுக்குச் சமமாகிவிடுகிறது.

அப்புறம் டிஸ்டார்ஷன், அதாவது ராக் கிட்டாரின் அந்தக் கரகர ஒலி. இதைப் பற்றி விற்பவர்கள் யாரும் பேசுவதில்லை. பேச்சிலும் டிரம்ஸிலும் உச்சம் ஒரு நொடியின் சிறு துண்டில் வந்துவிட்டுப் போய்விடும், சராசரி மட்டம் அதற்கு வெகு கீழே இருக்கும். பிஏ ஸ்பீக்கர்கள் இந்த மாதிரி ஒலியை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. கெயினை (சிக்னலைப் பெருக்கி டிஸ்டார்ஷன் தரும் குமிழ்) ஏற்றிய கிட்டாரில் அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிவிடுவதால் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு. ஸ்பீக்கருக்கு மூச்சு வாங்க நேரமே கிடைக்காது. ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறும், சூடேறினால் அதன் மின்தடை கூடும், அதே வோல்டேஜுக்கு வரும் சத்தம் குறையும். இதற்கு மேல் லிமிட்டர் வேறு, ஸ்பீக்கர் எரிந்துபோகாமல் இருக்கச் சத்தத்தை அமுக்கும் காவல்காரன்.

இதை நீங்களே பார்க்கலாம். ஆறாவது கம்பியை உள்ளங்கையால் அமுக்கி ஒரு ரிதம் அடியுங்கள், லிமிட் விளக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அது மினுக்கும். அந்தக் கம்பியின் அடிப்படை 82 ஹெர்ட்ஸ். அந்தப் பேஸ் உதைதான் லிமிட்டரை எழுப்புகிறது, ஆனால் லிமிட்டர் அமுக்குவது பேஸை மட்டுமல்ல. பல பெட்டிகளில் பிக் (மீட்டும் வில்லை) கம்பியில் படும் அந்தக் கூர்மையான கடியும் சேர்ந்தே அமுங்கிப்போகும். மாடலரில் கீழ் ஒலிகளை வெட்டும் லோ கட்டை 100 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துவிட்டு அதே ரிதத்தை மறுபடி அடித்துப் பாருங்கள். விளக்கு அடங்கும், இன்னும் கொஞ்சம் வால்யூம் ஏற்ற இடம் கிடைக்கும். இழந்த பேஸுக்காக வருந்த வேண்டாம். மேடையில் அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? மேக்ஸ் எஸ்பிஎல் (அதிகபட்சச் சத்தம்) என்று டெசிபலில் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். அதுவும் உச்சக் கணக்குதான், ஒரு மீட்டர் தூரத்துக்கு, பல சமயம் அளந்தது அல்ல, கணக்குப் போட்டது. இருந்தாலும் வாட்ஸைவிட நம்பகமானது. க்யூஎஸ்சி கே12.2 மாதிரியான 12 இன்ச் பெட்டிக்கு 132 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு அதிலிருந்து ஒரு 10 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் நான் யோசிப்பேன். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் இன்னொரு 6 டெசிபல் போகும். பலமாக அடிக்கும் டிரம்மர் பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால் 130-க்குக் கீழே உள்ளதைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். (இந்த அளவுச் சத்தத்தில் காதடைப்பான் இல்லாமல் நிற்கவே கூடாது. 100 டெசிபலில் காது பத்திரமாக இருக்கும் நேரம் நாளொன்றுக்கு 15 நிமிடம் என்பதுதான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு.)

12-ஆ 15-ஆ என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, 12. பதினைந்து தரும் கூடுதல் பேஸை நீங்கள் எப்படியும் வெட்டித்தான் எறியப் போகிறீர்கள். ஏழு கம்பி கிட்டாரின் கீழ் பி-கூட 62 ஹெர்ட்ஸ்தான், அதற்கும் 12 போதும். பெரிய கூம்புக்கு இன்னொரு குறையும் உண்டு. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி ஊஃபர் (அந்தப் பெரிய கூம்பு) வேலையை ஹார்னிடம் (மேல் ஒலிகளைத் தரும் குழல்) ஒப்படைக்கும். கிட்டாரின் கடி இருப்பதும் சரியாக அங்கேதான். கூம்பு பெரிதாக ஆக அந்த எல்லையை நெருங்கும்போது ஒலி குறுகி, நேரெதிரே நிற்பவருக்கு மட்டும் என்றாகிவிடும். சோலோவில் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். குரலே மாறிப்போகிறது என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

கிட்டாருக்கென்று விற்பதும் பிஏவும் அடிப்படையில் ஒரே ஜாதிதான். கிட்டார் பெட்டி தரையில் ஆம்ப் மாதிரி உட்காரும், சிலவற்றில் மேல் ஒலிகளை வெட்டும் ஹை கட் குமிழ் இருக்கும், லைன் 6 பவர்கேப் போன்றவை குறிப்பிட்ட கிட்டார் ஸ்பீக்கர்களின் குணத்தையும் காட்டும். தோற்றம் முக்கியம் என்றால் அதை வாங்குங்கள். எனக்கு நல்ல பிஏ பெட்டியே போதும், தேவைப்பட்டால் பாடகருக்கும் கொடுக்கலாம்.

அறையில் அருமையாக இருந்தது என்கிறீர்கள். மாடலரில் சேமித்து வைத்த ஒலி அமைப்பை, அதாவது பிரீசெட்டை, எந்த வால்யூமில் செய்தீர்கள்? மெல்லிய சத்தத்தில் நம் காது பேஸையும் உச்ச ட்ரெபிளையும் குறைத்துத்தான் கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைந்து காட்டிவிட்டார்கள். அதை ஈடுகட்ட நாம் அறையில் இரண்டு பக்கமும் ஏற்றி வைக்கிறோம். மேடையில் அதே பிரீசெட் கீழே முழங்கும், மேலே கீச்சிடும், நடுவே பள்ளம். டிரம்ஸைத் தாண்டிக் கேட்க வைப்பது அந்த நடுப்பகுதிதான். ரிகர்சலில், மேடை வால்யூமிலேயே உட்கார்ந்து திருத்துங்கள். நடுப்பகுதியை ஏற்றுங்கள், ஹை கட்டை 5000-க்கும் 7000-க்கும் இடையில் எங்காவது வையுங்கள்.

புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதன் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். மாடலர் வரும் இன்புட் மைக்கில் இருக்கிறதா, லைனிலா? மைக்கில் இருந்தால் சிக்னல் தேவைக்கு மேல் பெருத்து, உங்கள் கொரகொரப்பு அங்கேயே பிறக்கலாம். டான்ஸ், டிஜே மாதிரி ஏதாவது ஈக்யூ (பேஸ், ட்ரெபிளை ஏற்றி இறக்கும் அமைப்பு) தேர்வு செய்யப்பட்டிருந்தால் ஃப்ளாட்டுக்கு மாற்றுங்கள். மாடலரில் கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் கேபினெட்டின் ஒலியைப் போலி செய்வது) ஆன் ஆகி இருக்க வேண்டும், இல்லையென்றால் தேனீக் கூட்டைக் கலைத்த மாதிரிதான் கேட்கும். பெட்டியைக் காலடியில் நேராக நிறுத்தினால் ஹார்ன் உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கும். சாய்த்து வையுங்கள், அல்லது உயர்த்துங்கள்.

இன்னொன்று. மாடலரிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒரு கேபிள் போகிறதா? போனால் கூட்டத்துக்குக் கேட்க வைப்பது சவுண்ட் இன்ஜினியர் வேலை, உங்கள் பெட்டி உங்களுக்கும் குழுவுக்கும் மட்டும். அந்த நிலையில் ஒரு நல்ல 12 இன்ச் தாராளம். கிட்டாருக்கு பிஏ இல்லாத இடங்களில் முழுக் கூட்டத்துக்கும் நீங்களே வாசிக்க வேண்டுமென்றால் அதே மாதிரி இரண்டு வேண்டியிருக்கும். முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உங்கள் டிரம்மரோடு ஒரு முழு ரிகர்சல் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்