பெற்றோர் பார்க்காத வகுப்புப் பக்கம்: பணம் கட்டினால் பார்ப்பார்களா?

கேள்வி: நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. நிர்வாகம் சொன்னதால் போன பருவத்தில் கூகுளின் இலவச இணையப் பக்கச் சேவையான கூகுள் சைட்ஸில் எங்கள் வகுப்புக்கென்று ஒரு பக்கம் தொடங்கினேன். வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, சுற்றறிக்கை, விழாப் படங்கள் எல்லாம் போடுகிறேன். பெற்றோர் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. அதே விஷயத்தை இரவு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கிறார்கள். இப்போது ஒருவர் வந்து, சொந்த டொமைன் (பள்ளிக்கென்று தனி இணைய முகவரி), தனி ஆப் எல்லாம் செய்து தருகிறேன், இலவசப் பக்கம் என்பதால்தான் பெற்றோர் மதிப்பதில்லை என்கிறார். நிர்வாகமும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டது. அவர் சொல்வது சரியா? படங்கள் போடுவதற்கு ஒரு அம்மா ஆட்சேபம் சொன்னார். அவருடைய பிள்ளையின் முகத்தை மட்டும் மறைத்தால் போதுமா? கீழே கருத்துப் பெட்டி வைத்தால் பெற்றோர் வருவார்களா?

பதில்: அவர் சொல்வது சரியில்லை. ஒரு பக்கம் இலவசமா, காசு கட்டியதா என்று எந்தப் பெற்றோரும் பார்ப்பதில்லை. லிங்கைத் தொடுகிறார்கள், நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று பார்க்கிறார்கள், மூடுகிறார்கள். முகவரி நீளமா குட்டையா என்பதெல்லாம் விற்பவருடைய கவலை.

உங்கள் பக்கத்துக்கு யாரும் வராததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரவு குரூப்பில் கேட்கிறார்கள் என்கிறீர்கள். யாராவது பதில் சொல்கிறீர்கள், இல்லையா? நீங்களோ, இன்னொரு அம்மாவோ. கேட்டதும் கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டு, தேடிப் பார்க்க வேண்டிய இடத்துக்கு யார் போவார்கள்? ஒரே செய்தியை இரண்டு இடத்தில் போடுகிற வரைக்கும், எது சுலபமோ அதுதான் ஜெயிக்கும்.

அதனால் முதல் வேலை, குரூப்பில் விவரம் எழுதுவதை நிறுத்துவது. குரூப்பை மூடச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் பதிலைத் தட்டச்சு செய்யாமல், அந்தப் பதில் இருக்கிற இடத்தின் லிங்கை மட்டும் அனுப்புங்கள். கூகுள் சைட்ஸில் ஒவ்வொரு தலைப்புக்கும் தனி லிங்க் எடுக்க முடியும். வெளியிட்ட பக்கத்தில் தலைப்பின் மேல் மவுஸை வைத்தால் சின்னச் சங்கிலிப் படம் வரும். ‘பக்கத்தில் இருக்கிறதே, பார்க்கவில்லையா’ என்று கூடவே குத்திக் காட்ட வேண்டாம். லிங்க் போதும். இரவு வந்த கேள்விக்குக் காலையில் அனுப்பினால் போதும். அந்த நேரக் கணக்கைப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, நாள் தவறாமை. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். மேலே முதல் வரியில் ‘இந்தப் பக்கம் கடைசியாகப் புதுப்பித்த தேதி’ என்று இருக்க வேண்டும். வந்து பார்த்தபோது இரண்டு முறை பழைய செய்தியே இருந்தால், மூன்றாவது முறை வர மாட்டார்கள். தினமும் போடுகிறேன் என்று உற்சாகத்தில் ஆரம்பித்து, பரீட்சை வந்ததும் கைவிட்ட பக்கங்கள்தான் அதிகம். வாரம் ஒரு முறை என்று சொல்லி, அதைக் காப்பாற்றினால் போதும்.

போனில் முதல் திரைக்குள் மூன்று விஷயம் தெரிந்தால் நல்லது: இந்த வாரம் என்ன தேதிகள், என்ன கொண்டுவர வேண்டும், என்ன பாடம் நடக்கிறது. ‘இந்த வாரம் பின்னங்கள் தொடங்குகிறோம், வீட்டில் எதையாவது நாலாகப் பங்கிடும்போது பிள்ளையைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்’ என்று இரண்டு வரி எழுதினால், அது பத்து சுற்றறிக்கையைவிட அதிகம் படிக்கப்படும். வரவேற்புரை, பள்ளியின் குறிக்கோள், ஓடுகிற எழுத்து, இதெல்லாம் கீழே போகட்டும். போகாமலே இருந்தாலும் நஷ்டமில்லை.

சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் போடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஏ4 தாளின் படத்தைப் போன் திரையில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அதில் தேட முடியாது. பார்வைக் குறைபாடு உள்ள பெற்றோரின் போன் அதை வாசித்துக் காட்டத் திணறும். வேறு மொழி பேசும் பெற்றோர் பிரௌசரில் மொழிபெயர்ப்பை அழுத்தினால் சுற்றியுள்ள எழுத்தெல்லாம் மாறும், அந்தப் படம் மட்டும் அப்படியே இருக்கும். அலுவலகத்திலிருந்து வேர்டு கோப்பை வாங்கி, எழுத்தாகவே ஒட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்றால் ஒட்டியவுடன் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கருவியிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன.

இதையெல்லாம் சொல்லும்போதே எனக்குக் கோபமும் வருகிறது. பக்கம் வேண்டும், ஆப் வேண்டும், குரூப் வேண்டும், டைரியிலும் எழுத வேண்டும் என்று நாலையும் கேட்கிற நிர்வாகம், அதற்கென்று கால அட்டவணையில் ஒரு பீரியடாவது ஒதுக்குகிறதா? ஆய்வுக்கு ஆள் வரும்போது திரையில் காட்ட ஒன்று வேண்டும், அவ்வளவுதான். பெற்றோருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நாலில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும், எது வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும்.

இனி அந்த ஏஜென்ட் விஷயம். இவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டொமைன் என்பது வாங்கிப் போட்டு மறந்துவிடுகிற சொத்து இல்லை. ஆண்டுக் கணக்கில் பதிவு செய்து, முடியும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதோ அவர்கள் கையில்தான் அது இருக்கும். ஏஜென்ட் ‘எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் டீச்சர்’ என்று இனிமையாகச் சொல்லிவிட்டு, தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்வார். முதல் வருடம் கட்டணம் குறைவு. இரண்டாவது வருடம் அவர் சொல்வதுதான் விலை. அந்த விலையைத் தர மாட்டோம் என்றால் முகவரி போயிற்று. பெற்றோரிடம் கொடுத்த லிங்க், நோட்டீஸில் அச்சடித்த கியூஆர் கோடு எல்லாம் வீண். இன்னும் மோசமாக, புதுப்பிக்காமல் காலாவதியான முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் பள்ளி முகவரியாக இருந்தது சூதாட்ட விளம்பரமாகத் திறப்பது இப்படித்தான்.

கியூஆர் கோடிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில நிறுவனங்கள் தரும் கோடு நேராக உங்கள் பக்கத்துக்குப் போகாது. அவர்கள் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். சந்தா முடிந்தால் கோடும் செத்துவிடும். லிங்கை நேராக உள்ளே வைத்த கோடுக்குக் காலாவதியே கிடையாது, காசும் தேவையில்லை. உங்கள் பிரௌசரிலேயே அதை உருவாக்கலாம்.

‘பெரிய நிறுவனத்தின் ஆப், பத்திரமானது’ என்பது அடுத்த பேச்சு. எட்மோடோ என்று ஒன்று இருந்தது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் மூவரையும் இணைக்கும் தளமாக உலகம் முழுக்கப் பரவியது. 2017-இல் அதிலிருந்து ஏழு கோடிக்கும் அதிகமான கணக்குகளின் விவரங்கள் திருடுபோயின. 2022 செப்டம்பரில் கடையை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன் மேல் நடவடிக்கை எடுத்தது: பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது, சம்மதம் வாங்க வேண்டிய பொறுப்பைப் பள்ளிகள் தலையிலும் ஆசிரியர்கள் தலையிலும் கட்டியது என்று. 60 லட்சம் டாலர் அபராதம், கட்ட வசதியில்லை என்பதால் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இதுதான் கதி. உங்களிடம் வந்தவர் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் போன் எண் எல்லாம் எக்செல்லில் கேட்பார்; கேட்டிருக்காவிட்டால் அடுத்த வாரம் கேட்பார். கொடுக்காதீர்கள்.

நிர்வாகம் பிடிவாதமாக இருந்தால், ஒப்பந்தத்துக்கு முன் அவரிடம் மூன்று விஷயத்தை எழுதி வாங்கச் சொல்லுங்கள். டொமைன் பள்ளியின் பெயரில், பள்ளியின் மின்னஞ்சலில் பதிவாகும். அட்மின் பாஸ்வேர்டு தலைமை ஆசிரியரிடம் இருக்கும். விலகும்போது எல்லா விவரமும் திரும்ப வரும், அவரிடம் உள்ள நகல் அழிக்கப்படும். இதைக் கேட்டதும் ‘டெக்னிக்கலா அது முடியாது மேடம்’ என்று ஆரம்பித்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். முடியும்.

இலவசப் பக்கத்துக்கும் இதே விதிதான். உங்கள் சைட் எந்தக் கணக்கில் இருக்கிறது? சொந்த ஜிமெயில் என்றால் இன்றே பள்ளிக் கணக்கு ஒன்றையும் எடிட்டராகச் சேர்த்துவிடுங்கள். பள்ளிக் கணக்கு என்றால் இன்னொரு ஆசிரியரைச் சேர்த்துவிடுங்கள். வேலையை விட்டுப்போன ஒருவரின் கணக்கை அலுவலகம் நீக்கினால், கூகுளில் அதை மீட்க அட்மினுக்கு 20 நாள் அவகாசம்தான். கோப்புகளை வேறு கணக்குக்கு மாற்றாமல் அதைத் தாண்டினால் பக்கமும் போய்விடும். பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டர் சாரிடம்தான் இருந்தது, அவர் போன வருடமே போய்விட்டார் என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

மதிப்பெண்ணைப் பக்கத்தில் போடவே கூடாது. கூகுள் ஷீட்டில் மற்ற வரிசைகளை மறைத்துவிட்டு லிங்க் கொடுத்தேன் என்பார்கள். மறைப்பது பூட்டுவது ஆகாது. ஷீட்டை நகல் எடுத்தால் எல்லாம் தெரியும். கூகுள் ஃபார்மில் விவரம் வாங்கும்போதும், பதில்களின் சுருக்கத்தைக் காட்டும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது எரிந்தால், ஃபார்ம் நிரப்பும் ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் எழுதியது தெரியும். போன் எண் உட்பட.

சரி, படங்கள். ‘லிங்க் இருப்பவர்கள் மட்டும்’ என்று வைத்தாலும் அது பூட்டு ஆகாது. முப்பது குடும்பத்தில் ஒருவர் லிங்கை முன்னனுப்பினால் முடிந்தது. சம்மதம் எழுத்தில் வாங்குங்கள். முகம் தெரியாத படங்களே போதும்: களிமண்ணில் வேலை செய்யும் கைகள், சுவரில் ஒட்டிய ஓவியங்கள், பின்னாலிருந்து எடுத்த வரிசை. கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் இருக்கலாம். கேமரா அமைப்பில் இடம் பதிவதை அணைத்துவிட்டு எடுங்கள்.

அந்த அம்மாவின் பிள்ளையின் முகத்தில் மட்டும் ஸ்மைலி ஒட்டி மறைப்பதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம். குரூப் போட்டோவில் ஒரே ஒரு முகத்தை மறைத்தால், எல்லோர் கண்ணும் அந்த முகத்தில்தான் விழும். வகுப்பில் மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் படத்தையே போடாதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்லித்தருவதில்லை. பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகள். பொதுவாக அவர்களுக்கு வகுப்புப் பக்கத்தைவிட நல்லது வேறில்லை. டைரி அம்மா வீட்டில் இருக்கும், அப்பாவுக்குப் பெற்றோர் கூட்டத்தின் தேதி தெரியாது, கேட்டால் சண்டை. பக்கம் இருந்தால் இருவரும் யாரையும் கேட்காமல் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளையும் நடுவில் தூது போக வேண்டியதில்லை. அதற்காகவே பக்கத்தின் லிங்கை இருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், ஒருவர் மூலம் இன்னொருவருக்கு வேண்டாம். ஃபார்மில் அம்மா பெயர், அப்பா பெயர் இரண்டையும் கட்டாயம் ஆக்காமல் ‘பொறுப்பாளர்’ என்று ஒரு கட்டம் வையுங்கள்.

ஆனால் சில வீடுகளில் ஒருவர் பிள்ளையை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கும், அல்லது உத்தரவு இல்லாமலே பயம் இருக்கும். அங்கே கதை தலைகீழ். ‘வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான்காம் வகுப்பு இந்தப் பூங்காவுக்குப் போகிறது’ என்று யாரும் திறக்கக்கூடிய பக்கத்தில் எழுதினால், பிள்ளை எங்கே, எப்போது, பள்ளி மதில்சுவருக்கு வெளியே இருக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி. படமே போடாமல் இருந்தும் பிரயோஜனமில்லை. எந்த வீடு அப்படி என்று உங்களுக்கு எப்போதும் தெரியாது. ஆகவே சுற்றுலாவின் இடத்தையும் நேரத்தையும் எல்லோருக்கும் தாளில் கொடுங்கள். பக்கத்தில் ‘வெள்ளிக்கிழமை வெளியே போகிறோம், விவரம் தாளில்’ என்று மட்டும் போடுங்கள். படங்களைச் சுற்றுலா முடிந்து திரும்பி வந்தபிறகு போடலாம். ஆட்சேபம் சொன்ன அந்த அம்மாவிடம் காரணம் கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்றால் அவரே சொல்வார்.

கருத்துப் பெட்டி? வேண்டாம். ஒரு பிள்ளையின் பிரச்சினையை முப்பது குடும்பங்களுக்கு முன்னால் விவாதிக்கிற இடமாகத்தான் அது மாறும். உங்கள் பள்ளி மின்னஞ்சலும், அலுவலக எண்ணும், பதில் எதிர்பார்க்கக்கூடிய நேரமும் கீழே இருந்தால் போதும். உங்கள் சொந்தப் போன் எண் அங்கே இருக்கிறதா என்று இன்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.