கோள்கள் சூரிய ஒளியைத்தான் பிரதிபலிக்கின்றன என்றால், அவற்றுக்குச் சொந்த வெப்பம் உண்டா?

உண்டு. ஆனால் ஒரு கோள் வெளியிடும் வெப்பம் முழுவதும் அதன் சொந்த வெப்பம் அன்று.

தன்மீது விழும் சூரிய ஒளியில் பூமி ஏறத்தாழ 30 விழுக்காட்டையும், வெண்மேகங்கள் போர்த்திய வெள்ளி 75 விழுக்காட்டையும் அப்படியே திருப்பி அனுப்புகின்றன. இரவு வானில் கோள்களாக நாம் காண்பது இவ்வாறு திரும்பி வரும் ஒளியைத்தான். எஞ்சியதை உறிஞ்சிச் சூடேறும் கோள், அந்த ஆற்றலைக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக இரவும் பகலும் வெளியிடுகிறது. இது சூரியனிடம் வாங்கிய கடனை அடைப்பது போன்றது. (சூரியனுக்கு அருகில் இருந்தும், வெள்ளி ஒரு சதுர மீட்டருக்கு உறிஞ்சும் ஆற்றல் பூமி உறிஞ்சுவதைவிடக் குறைவு. அதன் தரை 460 பாகை செல்சியசு வரை கொதிப்பதற்கு, வெப்பத்தை எளிதில் வெளியேற விடாத அடர்ந்த கரியமில வாயுவே காரணம்.)

கோளின் உள்ளிருந்து எழும் வெப்பமே அதன் சொந்த வெப்பம். நான் வாழும் ரீயூனியன் தீவில், பிட்டோன் த லா ஃபுர்னேசு எரிமலையிலிருந்து 1,100 பாகைக்கும் மேற்பட்ட சூட்டில் எரிகுழம்பு வழிவதைக் கண்டவர்கள், பூமியைச் சூடாக வைத்திருப்பதில் இதற்கும் பெரும்பங்கு உண்டு என்றே நினைப்பார்கள். சென்-ஆந்த்ரேயில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில், உலகம் முழுவதற்கும் சராசரி பார்த்தால், உள்வெப்பம் சதுர மீட்டருக்கு 0.09 வாட்டு அளவுக்கே கசிகிறது. உறிஞ்சப்படும் சூரிய ஆற்றலோ சுமார் 240 வாட்டு.

வியாழனில் நிலைமை வேறு. 1960களில் அகச்சிவப்புக் கருவிகளால் அளந்தபோது, அது சூரியனிடமிருந்து உறிஞ்சுவதைவிடக் கூடுதலாக ஆற்றலை வெளியிடுவது தெரியவந்தது. இன்றைய அளவீடுகளின்படி அது ஏறத்தாழ இரு மடங்கு. வாயுத் திரள் தன் ஈர்ப்பாலேயே ஒடுங்கிக் கோளாக உருவானபோது சேர்ந்த வெப்பம் இன்னும் வெளியேறி முடியவில்லை என்பதும், கோள் மிக மெல்ல இன்னும் சுருங்கிவருகிறது என்பதும் இதற்குக் காரணம். சனியில், ஈலியம் (ஹீலியம்) வாயு துளிகளாகப் பிரிந்து ஆழத்திற்கு இறங்குவதும் வெப்பத்தைக் கூட்டுகிறது என்று கருதப்படுகிறது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பவை நெப்டியூனும் யுரேனசும். பூமி பெறுவதில் 900இல் ஒரு பங்கு ஒளியையே பெறும் நெப்டியூன், உறிஞ்சியதைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கு ஆற்றலை வெளியிடுவதை, 1989இல் வாயேசர் 2 விண்கலம் அருகில் சென்றபோது எடுத்த அளவுகள் காட்டின. ஏறக்குறைய அதே பருமனுள்ள யுரேனசோ, உறிஞ்சியதைவிடச் சிறிதளவே கூடுதலாக வெளியிடுகிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிவதற்காகவாவது யுரேனசைச் சுற்றிவர ஒரு விண்கலம் அனுப்பப்பட வேண்டும் என்று விரும்புவோரில் நானும் ஒருவன்.